குழாய் மேடும் இரண்டு அங்குலமும்

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன் அக்கா. இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் நீ அதைத்தான் கேட்பாய்.

இடம்: மெக்கானிக்கின் கொட்டகை. நாள்: சென்ற மாதம் ஆறாம் தேதி, திங்கள், காலை பத்தேகால். ஓட்டுநர் இருக்கையில் நம் தங்கை சின்னவள். அவள் பக்கத்தில், ஜன்னல் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே நீட்டியபடி, சித்தப்பா. நடு வரிசையில் என் வீட்டுக்காரி. அவள் காலடியில் கோணி விரித்து, அதன்மேல் செத்துப்போன பேட்டரி ஒன்று. பின்னால் மடக்கு இருக்கையில், முழங்கால் தாடையில் இடிக்க, நோட்டுப் புத்தகத்தோடு நான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி மெக்கானிக். ஆக மொத்தம் ஐந்து பேர், ஒரு பேட்டரி.

நாங்கள் எங்கும் புறப்படவில்லை. அன்று நாங்கள் எல்லாரும் எடைக்கற்கள்.

உன் கடிதத்தில் நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி: "என் பழைய அளவு டேப் மெஷின் டிராயரில்தான் இருக்கிறதா?" இல்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி போதும். ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். உட்கார்ந்து படி.

நீ தையல் கடையை மூட்டை கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போன வருஷம்தான் சின்னவள் அந்தப் பழைய எஸ்.யூ.வி.யை வாங்கினாள் என்பது உனக்குத் தெரியும். மேலே நீரேற்று நிலையக் குடியிருப்பில் இருக்கும் ஏழு பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருவதும் மாலையில் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. வழி எட்டு கிலோமீட்டர் நல்ல தார்ச்சாலை. அதன் முடிவில் இருநூறு அடி ஓடை. பாலம் கிடையாது, கணுக்கால் தண்ணீர், எந்த வண்டியும் இறங்கி ஏறிவிடும்.

ஏறிவிடும் என்பது பழைய கதை. போன மழைக்குப் பிறகு நீர்வாரியத்தார் ஓடையின் குறுக்கே ஒரு புதிய குழாய் பதித்தார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதன்மேல் காங்கிரீட் கொட்டி, கரைக்குக் கரை நீளமாக ஒரு மேடு எழுப்பினார்கள். சக்கரம் ஏற இரண்டு பக்கமும் சரித்துத்தான் விட்டிருக்கிறார்கள். முன்சக்கரம் ஏறி இறங்கிவிடும். பின்சக்கரம் ஏறுவதற்கு முன் நடுவில் வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துவிடும். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது தன் வயிறே கிழிந்தது போல இருந்தது என்றாள் சின்னவள். அதன் பிறகு பிள்ளைகள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்து வந்து, இந்தப் பக்கம் வண்டி ஏறினார்கள். தினமும் முதல் பாடம் போயிற்று. தண்ணீர் ஏறிய நாட்களில் பள்ளிக்கூடமே போயிற்று.

பள்ளிச் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. இருபதாம் தேதி திங்களன்று முழு ஆள்கனத்தோடு வண்டி மேட்டில் உரசாமல் கடந்து காட்டினால் வண்டி தொடரும். இல்லாவிட்டால் ஏழு பிள்ளைகளும் விடுதிக்கு மாற்றப்படுவார்கள். அவ்வளவுதான். மூன்றே வரி. கையெழுத்து மட்டும் அழகு.

ஏழு பேரில் கடைசி ஒரு வாண்டு இருக்கிறாள். ஆறு வயது, வட்ட முகம், எல்லாரும் கூப்பிடுவது பொத்தான் என்று. அவள் சின்னவளிடம் கேட்டாளாம்: "அக்கா, ஹாஸ்டல்ல படுக்கும்போது கதவை யாரு சாத்துவாங்க?"

சின்னவள் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அண்ணா, நான் வண்டியைத் தூக்கப் போறேன்."

சித்தப்பா அப்போது நம் வீட்டில்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தது நீதானே. பெயரைக் காப்பாற்றினார்.

"தூக்குறதுன்னா? ஜாக்கி வச்சா?"

"லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டி."

"குள்ளனுக்கு ஹீல்ஸ் மாட்டின மாதிரின்னு சொல்லு. நடக்கும்போது தெரியும்."

"நடக்கும்போது இல்ல சித்தப்பா, ஓடும்போது தெரியும்."

எதையும் அளக்காமல் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. சனிக்கிழமை நானும் சின்னவளும் ஓடைக்குப் போனோம். வீட்டில் கைக்கு அகப்பட்டது உன் டேப். மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவே, முனையில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தபடி நத்தைபோலச் சுருண்டு கிடந்தது. சின்னவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சிவப்பு முனையைத் தரையில் விரலால் அழுத்திப் பிடித்தாள். கலங்கல் தண்ணீர், முனை தெரியவில்லை. நான் மேலே குனிந்து மேட்டின் உச்சிக்கு நேரே இருந்த எண்ணைப் படித்தேன். பதினொன்று. மூன்று இடத்தில் அளந்தோம். மூன்றிலும் பதினொன்று. நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

வண்டியின் வயிற்றை அளப்பதற்குத்தான் திங்கட்கிழமை எடைக்கற்களாக உட்கார்ந்தோம். காலி வண்டியை அளந்து ஏமாறக் கூடாது என்பது மெக்கானிக்கின் கட்டளை. எல்லாவற்றுக்கும் "அரை இஞ்சுல உயிர் போயிடும்" என்பார், அதனால் ஊரில் அவர் பெயரே அரையிஞ்சு. பள்ளி நர்ஸின் பதிவேட்டின்படி ஏழு பிள்ளைகளும் புத்தகப் பைகளும் சேர்ந்து இருநூற்று இருபத்தெட்டு கிலோ. சின்னவள் எப்போதும் இருப்பவள், அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்காரி அறுபத்தொன்று. நான் அறுபத்தாறு. சித்தப்பா எண்பது என்றார். அரையிஞ்சு வைத்திருந்த தராசு எண்பத்து நான்கு என்றது.

"தராசு பழசு," என்றார் சித்தப்பா.

"வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சுங்க," என்றார் அரையிஞ்சு.

இன்னும் பதினேழு கிலோ தேவைப்பட்டது. அதற்குத்தான் பேட்டரி. "என்னையும் பேட்டரியையும் ஒரே வரிசையில உக்கார வச்சிட்டீங்க," என்றாள் வீட்டுக்காரி. "ஒண்ணு செத்த பேட்டரி, நான் சார்ஜ் இருக்கிற பேட்டரின்னு உங்க அக்காவுக்கு எழுதுங்க." எழுதிவிட்டேன்.

அடியிலிருந்து குரல் வந்தது: "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கோங்க... ஏழு. சரியா ஏழு இஞ்சு."

அவர் அளந்தது இரும்பு டேப்பால். இதை நினைவில் வைத்துக்கொள்.

பிறகு அவர் வெளியே வந்து, முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு, தரையில் சாக்குக்கட்டியால் வண்டி ஒன்று வரைந்து எங்களுக்குப் பாடம் நடத்தினார். எனக்கே அன்றுதான் புரிந்தது.

"லிஃப்ட் கிட்னா பெரிய மந்திரம் இல்ல தங்கச்சி. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் உயரமா மாத்துறோம். உடம்பு எழும்பும், வயிறு எழும்பும். ஆனா அச்சு இருந்த இடத்துலயேதான் இருக்கும். அச்சைத் தூக்கணும்னா டயர் ஒண்ணுதான் வழி. இப்ப இருக்கிறது இருபத்தொன்பது இஞ்சு டயர். முப்பத்தொண்ணு போட்டா, வண்டி ஒரு இஞ்சு ஏறும்."

"ரெண்டு இஞ்சு பெருசா வாங்கினா ஒண்ணுதான் ஏறுமா?" என்றார் சித்தப்பா. "மீதி ஒண்ணு எங்க போச்சு? நீ எடுத்துக்குவியா?"

"அது அச்சுக்கு மேல் பக்கம் போயிடும்க. டயர் வட்டம்தானே. பாதி கீழ, பாதி மேல."

"வட்டத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தரான்."

இந்த வண்டிக்குக் கிட் இரண்டே வகையில் வருகிறது: இரண்டு அங்குலம், நான்கு அங்குலம். இரண்டு அங்குலக் கிட்டோடு முப்பத்தொன்று டயர் போடலாம்; அதைவிடப் பெரிதானால் திருப்பும்போது மட்காடில் உரசும். ஏழும் இரண்டும் ஒன்பது, டயருக்கு ஒன்று, ஆகப் பத்து. மேடோ பதினொன்று. ஒரு அங்குலம் போதவில்லை.

நான்கு அங்குலக் கிட்டும் முப்பத்துமூன்று டயரும் போட்டால் பதின்மூன்று அங்குலம் வரும், தாராளமாகத் தாண்டும். ஆனால் அதோடு பிரேக் குழாய்கள் மாற்ற வேண்டும், ஸ்டீயரிங் கம்பிகளை மாற்ற வேண்டும், நம் வாகன அலுவலகத்தில் மறு பரிசோதனைக்கு நிறுத்த வேண்டும். மூன்று வாரம். எங்களிடம் இருந்தது இரண்டு. அதோடு அரையிஞ்சு இன்னொன்றும் சொன்னார்: "உயரம் ஏற ஏற வளைவுல ஆடும் தங்கச்சி. மூட்டை ஏத்துற வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுத் தருவேன். குழந்தைங்க போற வண்டிக்கு நாலு போடுன்னு என் வாய் வராது."

சித்தப்பா சும்மா இருப்பாரா? "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? ஒரு இஞ்சுதானே, வேகமா விட்டா தாவிடும்."

அரையிஞ்சு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "சாணும் முழமும் ஒண்ணுன்னு சொல்றவங்க என் கொட்டகைக்கு ரெண்டு தடவை வருவாங்க. முதல் தடவை நடந்து வருவாங்க. ரெண்டாவது தடவை வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வருவாங்க."

அந்த ஒரு அங்குலத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நான் மூன்று நாள் நோட்டில் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஏழும் இரண்டும் ஒன்றும் எத்தனை முறை கூட்டினாலும் பத்துதான். சின்னவள் புதன்கிழமை சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எழுது அண்ணா. இருபதாம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், விடுதியில இடம் பார்த்துக்கச் சொல்லி எழுது. கடைசி நேரத்துல பிள்ளைங்களை அலைக்கழிக்கக் கூடாது."

நான் எழுதினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் ஒவ்வொரு வரிக்கும் பேனாவை உதற வேண்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி, உறையில் போட்டு, ஒட்டாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் காரணம் தெரியாது. பசை தீர்ந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை டயர்க்கடைக்குப் போனோம். பள்ளிக்கூட வேலை போனாலும் ஊருக்குள் ஓட்டப் பழைய அளவிலேயே நான்கு டயர் வேண்டியிருந்தது. தபால்பெட்டி அந்தக் கடைக்கு நேர் எதிரில்.

டயர்க்கடை அம்மாவை நீ பார்த்ததில்லை. இரண்டு ஆள் அகலம். குரல் மூன்று ஆளுக்குச் சமம். இருபத்தொன்பது அங்குல டயர்களை உருட்டிவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் பார்த்தால், சின்னவள் வேறொரு அடுக்கின் முன்னால் நிற்கிறாள். முப்பத்தொன்று. சிலர் நகைக்கடைக் கண்ணாடியின் முன் நிற்பார்களே, அப்படி.

"அது சேத்து டயர்மா," என்றார் டயர்க்கடை அம்மா. "பல்லு பெருசு. தார் ரோட்டுல கத்தும், காது போயிடும். நீ எங்க ஓட்டுவே?"

"எட்டு கிலோமீட்டர் தார் ரோடு, இருநூறு அடி ஓடை."

"அப்ப அது வேண்டாம், பக்கத்துல இருக்கிறதைப் பாரு. ரெண்டுக்கும் ஆகுற டயர். எட்டு கிலோமீட்டருக்கு டயர் வாங்கணும். இருநூறு அடிக்கு நீ ஓட்டணும். பாதிப் பேரு அதை மாத்திப் பண்றாங்க."

"வாங்கப் போறதில்ல. எவ்வளவு உயரம் இருக்கும்னு பார்க்குறேன், அவ்வளவுதான்."

என் பையிலிருந்து உன் டேப்பை எடுத்தாள். ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். முனையைச் செருப்புக்காலால் தரையோடு மிதித்துக்கொண்டு, டயரின் உச்சி வரை டேப்பை இழுத்தாள். எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்துமூணு."

கடை அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கடையில முப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தா அது முப்பத்தொண்ணுதான். நான் டயர் விக்கிறேன்மா, பலூன் விக்கல. ஊதினா பெருசாறதுக்கு!"

"டேப் சொல்லுது."

"டேப் என்ன சொல்லுது, எந்த ஊரு டேப் அது?" அவர் தன் இரும்பு டேப்பைச் சரக்கென்று இழுத்து நிறுத்தினார். முப்பத்தொன்றுக்கு ஒரு நூல், எட்டில் ஒரு அங்குலம், குறைவு. "பாத்துக்கோ. ஒரு நூல் தேய்மானம், அதையும் சொல்லிடுறேன்."

சின்னவள் விடவில்லை. உருட்டிவந்த இருபத்தொன்பது அங்குல டயரை அளந்தாள். உன் டேப்பில் முப்பத்தொன்று. கல்லாப்பெட்டியை அளந்தாள், நாற்காலியை அளந்தாள், கடை அம்மாவின் மேஜையை அளந்தாள். எதை அளந்தாலும் இரும்பைவிட உன் டேப்பில் இரண்டு அதிகம்.

அக்கா, அந்த நேரத்தில் எனக்கு உன் குரல் கேட்டது. வாயில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, பள்ளிச் சட்டைக்கு என் தோளை அளந்துகொண்டே, பல்லிடுக்கில் நீ சொல்வாயே: "பதினாறு. எழுதிக்கோடா. ரெண்டைக் கழிச்சு எழுது." பித்தளை முனை கழன்று, நைந்துபோன முதல் இரண்டு அங்குலத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, நூல் பிரியாமல் இருக்கச் சிவப்புத் துணி வைத்துத் தைத்தவள் நீ. உனக்கு அது பழகிவிட்டது. எங்களுக்கும் அன்று பழகியிருந்தது. பத்து வருஷம் நீ அளக்க நான் எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இரண்டைக் கழித்து. கழித்ததைத்தான் எழுதினேனே தவிர, கழிக்க வேண்டும் என்பதை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.

நான் சிவப்புத் துணியின் ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தேன். அதன் கீழே தெரிந்த முதல் எண் மூன்று.

"சின்னவளே," என்றேன். "குழாய் மேடு பதினொண்ணு இல்ல. ஒன்பது."

அவள் உதடு மட்டும் அசைந்தது, கூட்டிக்கொண்டிருந்தாள். ஏழு, இரண்டு, ஒன்று. பிறகு கடை அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கை எட்டவில்லை, எட்டிய மட்டும் பிடித்தாள்.

"என்னடி இது, டயர் சின்னதுன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார் அவர்.

"அஞ்சு நாளா உன் நோட்டுல ராஜ மரியாதையா அடிக்கோடு போட்டு வச்சிருந்தியே அண்ணா, அந்தப் பதினொண்ணு," என்றாள் சின்னவள் என்னிடம் திரும்பி. "அது யாரு வீட்டுப் பதினொண்ணு? அக்கா தைச்ச ஜாக்கெட்டோட பதினொண்ணா?"

என்ன சொன்னாலும் தகும். வாங்கிக்கொண்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கூட்டத்துக்குக் கணக்குப்பிள்ளை நான்தானே.

அங்கிருந்து நேரே அரையிஞ்சின் கொட்டகை. அவர் நம்பவில்லை, நம்பாததுதான் அவர் தொழில். "இனி துணியால அளந்த எதையும் என் கொட்டகைக்குள்ள கொண்டு வராதீங்க," என்று சொல்லி, தன் இரும்பு டேப்போடு எங்களுடன் ஓடைக்கு வந்து தண்ணீரில் இறங்கினார். ஏழு இடத்தில் அளந்தார். எல்லா இடத்திலும் ஒன்பது. ஓரிடத்தில் மட்டும் ஒன்பதுக்கு ஒரு நூல் குறைவு. எழுதக் காகிதம் கேட்டார். என் சட்டைப் பையில் இருந்தது அந்த ஒட்டாத உறை ஒன்றுதான். கடிதத்தை உருவிக் கொடுத்தேன். அதன் முதுகில், கிரீஸ் விரல் பதிய, பென்சிலால் எழுதினார்: ஏழு, இரண்டு, ஒன்று, பத்து. கீழே கோடு. மேடு ஒன்பது. மிச்சம் ஒன்று.

"எனக்கு அரை இஞ்சு மிச்சம் இருந்தா போதும் தங்கச்சி. உனக்கு ஒண்ணு இருக்கு. அரை இஞ்சு உன் தைரியத்துக்கு வச்சுக்கோ."

விடுதிக்குச் சம்மதம் சொல்லி எழுதிய கடிதம் அப்படித்தான் முடிந்தது. அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். முன்பக்கம் படிக்காதே; பின்பக்கம் மட்டும் பார்.

கிட் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் வேலை. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றியபோது அவை களைத்துப்போன ஆள்போல வளைந்திருந்தன. புதியவை கறுப்பாக, நெட்டையாக, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் பிள்ளைகள்போல நின்றன. டயர்களைக் கடை அம்மாவே நேரில் வந்து இறக்கினார், "என் முப்பத்தொண்ணுக்கு யாரும் இனி கெட்ட பேரு வாங்கித் தரக் கூடாது" என்று. வண்டி தரையில் இறங்கியதும் மறுபடியும் நாங்கள் எல்லாரும் ஏறி எடைக்கற்களாக உட்கார்ந்தோம், பேட்டரி உட்பட. அரையிஞ்சு அடியில் போனார். "பத்து," என்று குரல் வந்தது. பிறகு, "பத்துக்கு மேல ஒரு நூல்."

"அந்த ஒரு நூல் நான் இளைச்சது," என்றார் சித்தப்பா.

வண்டி உயர்ந்துவிட்டதால் பொத்தானுக்கு ஏறக் கால் எட்டாதே என்ற கவலை சின்னவளுக்கு. அரையிஞ்சு பக்கவாட்டில் கதவுக்கு நேரே மட்டும் ஒரு படி வெல்டு வைத்துக் கொடுத்தார். நடுவயிற்றில் இல்லை, ஓரத்தில், சக்கரத்துக்குச் சமீபமாக, மேட்டில் இடிக்காத இடத்தில். அதையும் இரும்பு டேப்பால் அளந்த பிறகுதான் வைத்தார்.

இருபதாம் தேதி காலை ஏழரை. ஓடையின் அந்தக் கரையில் நீரேற்று நிலையத்துப் பெற்றோர்கள். இந்தக் கரையில் பள்ளிச் செயலாளர், பளபளக்கும் கறுப்பு ஷூவோடு, அதைவிடக் கறுப்பான ஒரு பைலோடு. சித்தப்பாவும் வந்திருந்தார். "தள்ளுறதுக்கு ஆள் வேணும்ல," என்றார். வீட்டுக்காரி எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உரசினா உடனே தெரியணும்," என்றார் செயலாளர். "எனக்கு ஊகம் வேண்டாம்."

அதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு டப்பா சுண்ணாம்புப் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, மேட்டின் உச்சியில் வண்டி கடக்கும் அகலம் முழுக்க ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாகப் பூசினேன். நல்ல வெள்ளை. வயிறு தொட்டால் அங்கே கீறல் விழும். செயலாளர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை.

சின்னவள் காலி வண்டியை மேல் வழியாக, பிள்ளைகளை ஏற்றிப் போக அனுமதியில்லாத நீர்வாரியத்தின் சுற்றுச் சாலையில், முதல் நாளே அந்தக் கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். ஏழு பிள்ளைகளும் ஏறினார்கள். பொத்தான் படியில் கால் வைத்துத் தானே ஏறினாள்; தூக்கிவிட வந்த அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள். கதவுகள் மூடின.

வண்டி தண்ணீரில் இறங்கியது. அவள் அவசரப்படவில்லை. மிக மெதுவாக, முதல் கியரில், முன்சக்கரங்களை மேட்டின் சரிவில் ஒட்டவைத்தாள். மூக்கு எழுந்தது. ஏழு முகமும் பின்னுக்குச் சாய்ந்தன. மூக்கு இறங்கியது. இப்போது வயிறு மேட்டின் மேல். அந்த இடத்தில்தான் முன்பு அந்தச் சத்தம் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய்; சிரி. ஓடைத் தண்ணீர் சலசலப்பதும் எஞ்சின் முனகுவதும் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. பின்சக்கரம் ஏறியது. இறங்கியது. வண்டி தண்ணீரை உதறிக்கொண்டு எங்கள் கரையில் ஏறி நின்றது.

சத்தம் வராததற்காக மனிதர்கள் அவ்வளவு சத்தம் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தக் கரை, இந்தக் கரை, வண்டிக்குள், எங்கும் ஒரே கூச்சல். டயர்க்கடை அம்மா எப்போது வந்தாரோ, அவர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "முப்பத்தொண்ணு! முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணு!"

செயலாளர் ஒருவர்தான் கத்தவில்லை. கறுப்பு ஷூவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு ஷூவோடேயே இறங்கி மேடுவரை நடந்தார். நானும் பின்னால் போனேன். வெள்ளைப் பட்டையில் இரண்டு டயர்த் தடங்கள், பல் பல்லாக, அச்செடுத்ததுபோல. அவற்றுக்கு நடுவே சுண்ணாம்பு அப்படியே இருந்தது. என் தூரிகைக் கோடுகள்கூடக் கலையவில்லை.

"இன்னொரு தடவை," என்றார்.

சின்னவள் அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்தாள். மொத்தம் மூன்று தடவை கடந்தாள். மூன்றாவது தடவை பிள்ளைகள் ஜன்னலில் கையை நீட்டி ஆட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டையின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தது. செயலாளர் நனைந்த ஷூவோடு கரையேறி, வண்டியின் பானெட்டின் மேல் பைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அழகான கையெழுத்து, அன்றுதான் எனக்கும் அழகாகப் பட்டது.

"பள்ளிக்கு நேரமாச்சு," என்றார். பிறகு, முதல் முறையாகச் சிரித்து, "என்னையும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா? ஷூ ஈரமாயிடுச்சு."

பொத்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கேட்டாள்: "மாமா, அப்ப எங்க வீட்டுக் கதவை எங்க அம்மாதான் சாத்துவாங்களா?"

"உங்க அம்மாதான்," என்றேன்.

வண்டி போன பிறகு சித்தப்பா என் தோளைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேனே, தூக்கினா தாண்டும்னு." வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் அவர் பக்கத்திலிருந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் ஆளுங்கட்சி. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

இனி உன் கேள்வி. டேப் டிராயரில் இல்லை. சின்னவள் அதைச் சுருட்டி, சிவப்புத் துணி முனை வெளியே தெரியும்படி, வண்டியின் முன் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறாள். எவ்வளவு கேட்டும் தர மறுக்கிறாள். "அக்கா வந்து கேட்டா தரேன். வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்" என்கிறாள். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

ஆனால் புதிய டேப்பால் உனக்குக் கை வராது என்பது எனக்குத் தெரியும். பழகின கை தன்பாட்டுக்கு இரண்டைக் கழிக்கும். ஊரிலுள்ள ஜாக்கெட்டெல்லாம் இறுகிப்போகும். ஆகவே கடையில் ஒரு நல்ல டேப் வாங்கி, இரும்பு அளவுகோலை வைத்துச் சரிபார்த்து, முதல் இரண்டு அங்குலத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டேன். வீட்டுக்காரி அதன் முனையில் சிவப்புத் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள். உன் தையல் அளவுக்கு நேர்த்தி இல்லை, பொறுத்துக்கொள். அதையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வெட்டிய துண்டை என் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் "இரண்டைக் கழிக்கவும்" என்று எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். இனி மறக்காது.

வாசலில் சின்னவள் ஹாரன் அடிக்கிறாள். மணி ஆறு ஐம்பது. பசை இருக்கிறது, ஒட்டிவிடுகிறேன்.

உறையின் பின்பக்கம், ஒட்டிய பிறகு எழுதுவது: பள்ளிக்கூட வாசலில் இருக்கும் தபால்பெட்டியில் போடச் சொல்லிச் சின்னவளிடம் கொடுக்கிறேன். டயர்க்கடைக்கு எதிரிலேயே தபால்பெட்டி இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் என்று சித்தப்பா கேட்டார். முதலில் மேலே போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் வருவாள். ஆகவே உன் கைக்கு வரும் இந்தக் கடிதம் குழாய் மேட்டை இரண்டு முறை தாண்டியது. ஒரு கீறலும் இருக்காது, பார்த்துக்கொள்.